மணல்நிலத்தில் மொறிஸ் மைனர்: பின்னச்சின் நோயும் பரிகாரமும்



புத்தளத்திலிருந்து கொழும்பு வீதியில் சிறிது தூரம் வந்து பாலாவியில் திரும்பினால், கற்பிட்டிக் குடாநாட்டுக்குச் செல்லும் வீதி பிரிகிறது. ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் பெருங்கடல், இரண்டுக்கும் நடுவே தென்னையும் மணலும் உப்புக்காற்றும். நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை, கண்டக்குளி என்று ஊர்கள் பல. வீதியின் முடிவில், ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை. இத்தகைய நிலத்தில் பழைய மோட்டார்க் காரொன்றை வைத்து ஓட்டுகிறவர் அதன் எஞ்சினைப் பற்றி அறிந்திருப்பது நன்று. பின்னச்சைப் பற்றி அறிந்திருப்பதோ இன்றியமையாதது. அது ஏன் என்பதையும், பின்னச்சின் நோயை எவ்வாறு கண்டறிவது, எவ்வாறு தீர்ப்பது என்பவற்றையும், மொறிஸ் மைனர் காரை எடுத்துக்காட்டாக வைத்து இன்று சொல்ல விரும்புகிறேன்.

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வந்தது. அதனை வகுத்தவர் அலெக் இஸிகோனிஸ். 1970களின் தொடக்கத்தில் அதன் உற்பத்தி முடிவுற்றபோது, 16 இலட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் உலகெங்கும் சென்றிருந்தன. இலங்கைக்கும் அவை ஏராளமாக வந்தன. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் கார் இறக்குமதி இறுக்கப்பட்டு, 1977இல் பொருளாதாரம் திறந்து விடப்படும்வரை அந்நிலையே நீடித்தது. புதுக்கார் வாங்க முடியாதவர்கள் இருந்த காரைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டார்கள். 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. ஆகவே, பழைய காரைப் பழுதுபார்க்கும் கலை நமது நாட்டில் பொழுதுபோக்கு மட்டுமன்று. பல குடும்பங்களுக்கு அது தேவையாகவே இருந்து வந்திருக்கிறது.

பின்னச்சின் நோயை நான் இன்று பெரிதாக எடுத்துச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. எஞ்சின் பழுதானால் கார் ஓடாது, அவ்வளவே. பின்னச்சு பழுதானால் கார் ஓடாமல் நின்றுவிடவும் கூடும். நிற்க வேண்டிய இடத்தில் நில்லாமல் போய்விடவும் கூடும். இரண்டாவது ஆபத்தே பெரியது. அதைப் பின்னர் விளக்குவேன்.

முதலில் பின்னச்சு செய்கிற வேலை என்னவென்று பார்ப்போம். மாட்டுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரு சில்லுகளும் அச்சின்மேல் தனித்தனியே சுழல்கின்றன. வண்டி வளையும்போது வெளிப்பக்கச் சில்லு அதிக தூரமும் உட்பக்கச் சில்லு குறைந்த தூரமும் ஓடினாலும் தொல்லை ஒன்றுமில்லை. ஏனெனில் வண்டியை இழுப்பவை மாடுகள், சில்லுகள் அல்ல. காரிலோ சில்லுகளையே எஞ்சின் சுழற்ற வேண்டும். அதேவேளை வளைவில் அவை வேறுவேறு வேகத்தில் சுழலவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒருங்கே நடத்தி வைப்பதுதான் டிபரன்ஷல் என்னும் பற்சக்கரத் தொகுதி. எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டான புரொப்பெல்லர் ஷாப்டின் முனையில் பினியன் என்னும் சிறு பற்சக்கரம் உள்ளது. அது கிறவுண் வீல் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றும். அதனோடு பொருந்திய டிபரன்ஷலிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு ஹாப் ஷாப்டுகள் புறப்பட்டுச் சில்லுகளைச் சென்றடையும். இவை யாவும் இரும்பு உறை ஒன்றுக்குள் எண்ணெயில் நனைந்தவாறு இயங்குகின்றன.

இந்த உறைக்குப் பகையாகக் கற்பிட்டி நிலத்தில் மூன்று உண்டு. அவை மணல், நீர், உப்பு.

மணலின் தீமை வெளியே தெரிவதில்லை. டிபரன்ஷல் இரு சில்லுகளுக்கும் ஏறத்தாழச் சமமான விசையையே பகிர்ந்தளிக்கும். ஒரு சில்லு இளமணலில் பிடிப்பின்றி வழுக்கினால், மற்றச் சில்லுக்கும் அந்தச் சிறு விசைதான் கிடைக்கும். ஆகவே ஒன்று வீணாகச் சுழல, மற்றது அசையாமல் நிற்கும். அப்போது சுழலும் சில்லு, வேகமானி காட்டும் வேகத்தைப்போல் இரு மடங்கு வேகத்தில் ஓடும். முள் 20 மைலைக் காட்டினால், சில்லு 40 மைல் வேகத்தில் மணலைத் தோண்டுகிறது என்பது பொருள். வளைவில் மெல்ல உருள்வதற்கென்று அமைந்த டிபரன்ஷலின் சிறு பற்சக்கரங்கள், இப்போது கடும் வேகத்தில் சுழன்று தம்மையும் தம்மைத் தாங்கும் ஊசியையும் தேய்த்துக்கொள்கின்றன. இவ்வாறு சுழன்றுகொண்டிருக்கும் சில்லு திடீரென்று ஒரு பலகையையோ தார் வீதியின் விளிம்பையோ பற்றிக்கொள்ளும் கணத்தில், அந்த வேகம் முழுவதும் ஹாப் ஷாப்டின் மேல் ஓர் அடியாக விழுகிறது. மைனரின் ஹாப் ஷாப்டு மெல்லியது. அது பெரும்பாலும் முறிவது, டிபரன்ஷலுக்குள் செருகப்படும் பல்வரி முனையிலேதான்.

எனவே மணலில் புதைந்த காரை மீட்பதற்கு முதல் மருந்து பொறுமை. பெற்றோல் மிதியை அழுத்தாதீர்கள். பயணிகளை இறக்குங்கள். சில்லின் முன்னுள்ள மணலை அகற்றித் தென்னோலையையோ பழங்கிடுகையோ பரப்புங்கள். ரயரின் காற்றை மூன்றிலொரு பங்கு குறைத்தால், ரயர் பரந்து மணலில் பிடிப்பு உண்டாகும். தார் வீதிக்கு வந்ததும் மீண்டும் காற்று நிரப்பிக்கொள்ள வேண்டும். மார்ச்சிலும் ஆகஸ்டிலும் தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்குக் குடும்பத்தோடும் மூட்டை முடிச்சுகளோடும் பழைய காரில் செல்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

இரண்டாவது பகை நீர். பின்னச்சின் உறைமேல் சிறியதொரு காற்றுத்துளை உண்டு. ஓட்டத்தில் உறை சூடேறி உள்ளிருக்கும் காற்று விரியும்போது அது அவ்வழியே வெளியேறும். மணலும் சேறும் துருவும் அந்தத் துளையை அடைத்துவிட்டால், விரியும் காற்று எண்ணெயைத் தள்ளிக்கொண்டு இரு முனைகளிலுமுள்ள ஒயில் சீல்களின் வழியே வெளிவரும். அதேபோல, சூடான அச்சோடு களப்பின் ஓரத்திலோ மாரி வெள்ளத்திலோ காரை இறக்கினால், உள்ளேயுள்ள காற்று சட்டெனக் குளிர்ந்து சுருங்கி, நீரைச் சீல்களின் வழியே உறிஞ்சிக்கொள்ளும். நீர் கலந்த எண்ணெய் பால்தேநீரின் நிறத்தை அடையும். அந்த நிறத்தைக் கண்டால் ஒரு நாளும் தாமதியாமல் எண்ணெயை மாற்றிவிட வேண்டும். அது உவர்நீராக இருந்தால் பேரிங்குகளைத் துரு மிக விரைவில் தின்றுவிடும்.

மூன்றாவது பகை உப்பு. மைனரின் பின்னச்சு, நீண்ட ஸ்பிறிங் தகடுகளின் மேல் யு வடிவப் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கிறது. அந்த ஸ்பிறிங்குகளோ காரின் உடலோடேயே பொருத்தப்பட்டுள்ளன. தனியான சட்டம் அந்தக் காருக்கு இல்லை. ஸ்பிறிங் பொருந்தும் இடத்துத் தகடு உக்கிப்போனால், எத்துணை நல்ல அச்சும் பயன்படாது. அச்சின் மேலாக ஓடும் பிறேக் குழாயும் இவ்வாறே உக்கிப்போகும். ஆகவே அடிப்பாகத்தை நன்னீரால் அடிக்கடி கழுவுவதும், திருகாணிக் கூர்முனையால் அந்தத் தகடுகளைக் குத்திப் பார்ப்பதும் கடலோர வாசிகளுக்குக் கடமை.

இனி, நோயை அறியும் முறைக்கு வருவோம். இங்கே நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றுதான்: காரணம் தெரியாமல் ஒன்றையும் கழற்றாதீர்கள். ஓசை கேட்கிற இடம் வேறு, அது பிறக்கிற இடம் வேறு. பின்னச்சில் ஓசை என்றவுடன் டிபரன்ஷலை இறக்கிவிடும் வழக்கம் சில கராஜ்களில் உண்டு. பத்து நிமிடச் சோதனை பல நாள் வேலையை மீதப்படுத்தும்.

போக்குவரத்துக் குறைந்த விடியற்காலையில், நேரான தார் வீதியில் காரை 30 மைல் வேகத்தில் ஒரே சீராக ஓட்டுங்கள். பின்னாசனத்தில் காது கூர்மையுள்ள ஒருவரை அமர்த்துங்கள். முதலில், வீதியின் பரப்பு மாறும்போது ஓசையும் மாறுகிறதா என்று கவனியுங்கள். மாறினால் அது ரயரின் ஓசை. மாறாவிட்டால், அடுத்ததாகக் கியரை நடுநிலைக்குக் கொண்டுவந்து காரைத் தானே உருளவிடுங்கள். எஞ்சின் தணிந்த பின்னும் ஓசை தொடர்ந்தால், நோய் கியர்ப்பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கிறது என்பது பெரும்பாலும் உறுதி.

அதன்பின் மூன்று வேறுபாடுகளைக் கேட்க வேண்டும். எஞ்சின் இழுக்கும்போது மட்டும் அல்லது மிதியிலிருந்து காலை எடுக்கும்போது மட்டும் ஊளையிடுவது போன்ற மெல்லிய ஓசை எழுந்தால், கிறவுண் வீலும் பினியனும் பொருந்தும் இடத்தில் அல்லது பினியனின் பேரிங்குகளில் தேய்வு உண்டு. இழுத்தாலும் விட்டாலும் ஒரே மாதிரியாக உறுமிக்கொண்டே வந்து, காரை இடமும் வலமும் சிறிது சாய்த்து ஓட்டும்போது கூடியும் குறைந்தும் மாறுமானால், சில்லின் பேரிங்கையே ஐயுற வேண்டும். நேரே செல்லும்போது அமைதியாக இருந்து வளைவில் மட்டும் ஓசை எழுந்தால், டிபரன்ஷலின் சிறு பற்சக்கரங்களைக் கவனிக்க வேண்டும்.

கார் புறப்படும்போதும், மிதியை அழுத்தி விடும்போதும் 'டக்' என்று இடிக்கும் ஓசை வேறொரு வகை. அது எங்கோ ஒரு தளர்ச்சியின் அடையாளம். மலிவானதிலிருந்து விலையுயர்ந்ததை நோக்கிச் செல்வதே இதற்கு நெறி. யு போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா? ஸ்பிறிங்கின் றப்பர்கள் தேய்ந்துவிட்டனவா? புரொப்பெல்லர் ஷாப்டின் இரு முனைகளிலுமுள்ள யுனிவர்சல் ஜொயின்றுகள் ஆடுகின்றனவா? பினியனின் நட்டு தளர்ந்துள்ளதா? இவை அனைத்தும் சரியென்று கண்ட பின்னரே, உறைக்குள் இருக்கும் தேய்வைப் பற்றி எண்ண வேண்டும்.

காரின் கீழே போவதற்குமுன் ஓர் எச்சரிக்கை. மணல்நிலத்தில் ஜாக்கியை வெறுந்தரையில் வைக்கக் கூடாது. தடித்த அகலமான பலகையின் மேல் வைக்க வேண்டும். மைனரின் கைப்பிறேக் பின்சில்லுகளை மட்டுமே பிடிக்கும். பின்புறத்தை உயர்த்திவிட்டால் அதனால் பயனில்லை. ஆகவே முன்சில்லுகளுக்கு இருபுறமும் கட்டை இடுங்கள். உயர்த்திய காரை இரும்புத் தாங்கிகளின்மேல் இறக்கி வையுங்கள். சீமெந்துக் கல் அடுக்கி அதன்மேல் காரை நிறுத்துவது உயிரோடு விளையாடுவதாகும். அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

இப்போது எண்ணெயைப் பார்ப்போம். கார் சமதளத்தில் இருக்க வேண்டும். எண்ணெயை வடிப்பதற்குமுன், நிரப்பும் துளையின் மூடி கழலுமா என்று முதலில் பாருங்கள். வடித்தபின் அது கழலாவிட்டால், நிரப்ப வழியின்றிக் கார் முற்றத்திலேயே கிடக்கும். நிரப்பும் துளையின் விளிம்பே எண்ணெயின் சரியான மட்டம். விரலை விட்டுத் தொட்டுப் பாருங்கள். விரலில் சாம்பல் நிறச் சாந்து போலச் சிறிதளவு படிந்தால், அது வயதின் அடையாளம். மினுமினுக்கும் செதில்களோ காந்தத்தில் ஒட்டும் பற்துணுக்குகளோ கண்டால், காரை ஓட்டுவதை அன்றே நிறுத்த வேண்டும்.

மைனரின் பின்னச்சுக்குச் செல்லும் எண்ணெய் ஒன்றரைப் பைந்து, அதாவது ஏறத்தாழ 850 மில்லிலீற்றர். அதன் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்வதால், அந்த அழுத்தத்தைத் தாங்கும் 90ஆம் இலக்கக் கியர் எண்ணெயே வேண்டும். எஞ்சின் எண்ணெய் உதவாது. மட்டத்துக்கு மேல் நிரப்புவதும் தீது. மிகுதியான எண்ணெய் சீல்களைத் தாண்டிப் பிறேக்கை நோக்கியே செல்லும். பழைய கார் விற்பவர்கள் சிலர் டிபரன்ஷலுக்குள் மரத்தூளையும் வாழைப்பழத்தையும் இட்டு ஓசையை அடக்கிய கதைகள் பல நாடுகளிலும் உண்டு. அவ்வாறு அடங்கிய ஓசை, வாங்கியவரின் வீட்டில் இன்னும் உரத்து எழும்.

நேயர்களே, தொடக்கத்தில் நான் குறிப்பிட்ட பெரிய ஆபத்துக்கு வருகிறேன். பின்சில்லின் ஒயில் சீல் கசிந்தால், எண்ணெய் போய்ச் சேரும் இடம் பிறேக் டிறம். அங்கே பிறேக் சூக்கள் எண்ணெயில் ஊறிவிடுகின்றன. ஒரு பக்கச் சில்லு பிடிக்க மறுபக்கம் வழுக்குவதால், அவசரத்தில் பிறேக்கை அழுத்தும்போது காரின் பின்புறம் ஒரு பக்கமாகத் திரும்பிவிடும். கைப்பிறேக்கும் பிடிக்காது. மழை பெய்து நனைந்த வீதியில், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சில நூறு ரூபாய்ப் பொருள் ஒன்றின் கசிவு, ஓர் உயிரின் விலையாக முடியலாம்.

டிறமைக் கழற்றி ஈரத்தைக் கண்டவுடன், அது எந்த ஈரம் என்று தீர்மானிக்க வேண்டும். தடித்து வழுவழுப்பாகக் கந்தக நெடி வீசினால் கியர் எண்ணெய். மெல்லியதாகப் பெயின்ற்றை உரித்து, நீரால் கழுவும்போது கரைந்துபோனால், அது பிறேக் திரவம். அப்போது குற்றவாளி சீல் அன்று, பிறேக் சிலிண்டர். கியர் எண்ணெயே என்றால், அது வந்த வழியையும் பார்க்க வேண்டும். டிறமின் உட்புறத்தில் சூக்களை நனைத்திருந்தால், ஹப்பின் உட்புறச் சீல் பழுது. ஹாப் ஷாப்டின் தட்டையான முகத்தைச் சுற்றி வெளியே கசிந்திருந்தால், அங்குள்ள காகித வாஷரும் றப்பர் வளையமும் பழுது.

1950களின் நடுப்பகுதியிலிருந்து வந்த மைனர்களில் இவ்வேலை அவ்வளவு கடினமன்று. சில்லையும் டிறமையும் அகற்றியபின், ஹாப் ஷாப்டைப் பிடித்திருக்கும் சிறு திருகாணியைக் கழற்றி அதை வெளியே இழுக்கலாம். உள்ளே ஹப்பின் பெரிய நட்டும், அதைப் பூட்டும் மடிதகடும் தெரியும். தகட்டை நிமிர்த்தி நட்டைக் கழற்ற வேண்டும். இங்கே பலர் இடறுவதுண்டு: வலப்பக்க நட்டு வழக்கம்போல் கழலும்; இடப்பக்க நட்டின் புரி எதிர்ப்புறமானது, அதனால் வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இதை அறியாமல் உளியும் சுத்தியலும் கொண்டு அடித்துச் சிதைத்த அச்சுமுனைகள் பல. உரிய சாவியைப் பயன்படுத்துங்கள். ஹப்பை வெளியே எடுக்கப் புல்லர் தேவைப்படலாம்.

புதிய சீலின் உதடு எண்ணெய் இருக்கும் பக்கத்தை நோக்கியே இருக்க வேண்டும். சீல் உராயும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால், எத்தனை புதுச் சீல் போட்டாலும் கசிவு நில்லாது. அந்த இடத்தைச் சீர்செய்ய வேண்டும். பேரிங்கையும் அதன் இடைவளையத்தையும் பொருத்தியபின் ஒன்றை அளந்து பாருங்கள். இடைவளையம், ஹப்பின் முகத்தையும் காகித வாஷரையும் தாண்டி, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்று முதல் நான்கு பங்கு வரை வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் ஹாப் ஷாப்டு பேரிங்கை இறுகப் பிடித்துக்கொள்ளும். அது உள்ளே அமிழ்ந்திருந்தால் பேரிங் ஆடும். ஆடும் பேரிங் புதுச் சீலையும் கெடுக்கும். தடித்த காகிதத்தை வெட்டி வாஷராக இடும் வழக்கத்தால் வரும் கேடு இதுதான்.

எண்ணெயில் ஊறிய சூக்களைப் பெற்றோலில் கழுவியும் நெருப்பில் காட்டியும் மீண்டும் பூட்டுவார்கள். அது வீண், சூடேறியதும் எண்ணெய் மறுபடியும் மேலே வரும். புதிய சூக்களை இரு பக்கமும் ஒருங்கே போட வேண்டும். பழைய சூக்களில் கல்நார் இருக்கக்கூடும். ஆகவே டிறமிலுள்ள தூசியை வாயாலோ காற்றுக்குழாயாலோ ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அத்தூசி நெஞ்சுக்குப் பகை. இறுதியாகக் காற்றுத்துளையைக் கழுவித் திறந்துவிட மறவாதீர்கள். அது அடைபட்டிருந்தால் செய்த வேலை அனைத்தும் சில வாரங்களில் வீணாகும்.

ஹாப் ஷாப்டு முறிந்ததை அறிவது எளிது. எஞ்சின் ஓடும்; கியர் விழும்; கிளச்சை விட்டால் வேகமானியின் முள்கூட எழும்; கார் மட்டும் நகராது. முள்ளும் அசையாவிட்டால், கிளச்சிலோ கியர்ப்பெட்டியிலோ பிழை இருக்கும். மைனரில் சில்லைத் தாங்குவது அச்சின் உறைமேல் அமைந்த ஹப். ஆதலால் ஷாப்டு முறிந்தாலும் சில்லு கழன்று போகாது. ஆனால் காரைக் கியரில் நிறுத்தி வைத்தாலும் அது உருண்டுவிடும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். முறிந்த துண்டு டிபரன்ஷலுக்குள் சிக்கியிருக்கும். காந்தத்தாலோ கம்பி வளையத்தாலோ அதை இழுத்தெடுக்க முயலலாம். வராவிட்டால் டிபரன்ஷலை இறக்கியே ஆக வேண்டும். இரும்புத் துணுக்குகள் உள்ளே தங்காதபடி உறையைக் கழுவுங்கள். மறுபக்க ஷாப்டையும் வெளியே எடுத்து, அதன் பல்வரிகள் நேராக உள்ளனவா, கயிறுபோல் முறுகியுள்ளனவா என்று பாருங்கள். முறுகியிருந்தால் அடுத்து முறியப்போவது அதுதான்.

கிறவுண் வீலும் பினியனும் தேய்ந்திருந்தால், வீட்டு முற்றத்தில் அவற்றைத் திருத்த முயலாதீர்கள். அவை இரண்டும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உராய்ந்து இணை சேர்க்கப்பட்டவை. ஒன்றை மட்டும் மாற்றினால் ஓசை தீராது. அவற்றின் இடைவெளியை மெல்லிய தகடுகளால் அளந்து அமைப்பது கைதேர்ந்தவரின் வேலை. நல்ல நிலையிலுள்ள முழு டிபரன்ஷலொன்றைத் தேடிப் பொருத்துவதே எளிது. கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் பொறுமையோடு தேடுபவர்க்கு அது கிடைப்பதுண்டு.

வாங்கும்போது விகிதத்தைக் கவனிக்க வேண்டும். 803 கன சென்றிமீற்றர் எஞ்சினுள்ள பெரும்பாலான மைனர்களில் பினியனுக்கு 7 பல், கிறவுண் வீலுக்கு 37 பல். 948 எஞ்சினுக்கு 9க்கு 41. 1098 எஞ்சினுக்கு 9க்கு 38. மாற்றிப் போட்டால் எஞ்சின் வீணாக இரைச்சலிடும், அல்லது மணலில் இழுக்க முடியாமல் திணறும். வேகமானியும் பொய் சொல்லும். காரில் ஏற்கெனவே உள்ளதை அறிய, கியரை நடுநிலையில் வைத்து, ஒரு பின்சில்லு தரையில் நிற்க, மற்றதை உயர்த்தி இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். அதற்குள் புரொப்பெல்லர் ஷாப்டு ஐந்தேகால் சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால் முதல் வகை. நாலரைக்குச் சற்று மேலானால் இரண்டாவது. நாலேகாலுக்குச் சற்றுக் குறைந்தால் மூன்றாவது.

உதிரிப் பாகங்களுக்காக மனம் தளர வேண்டியதில்லை. இங்கிலாந்தில் பாத் நகரத்து மைனர் நிலையமொன்றின் கூட்டுறவோடு, 1990களில் மைனரின் பாகங்கள் நமது நாட்டிலேயே செய்யப்பட்டு, அந்தக் கார் பிறந்த நாட்டுக்கே ஏற்றுமதியாயின. வாங்கியதைத் திருப்பி அனுப்பும் அளவுக்குக் கைத்திறன் இங்கு வளர்ந்ததென்றால், அதற்குக் காரணம் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஒவ்வோர் ஊரிலும் இந்தக் கார்களைக் காப்பாற்றிய தொழிலாளர்களின் பொறுமைதான்.

சொன்னவற்றைத் தொகுத்துக் கூறுகிறேன். மாதத்தில் ஒரு நாள் காற்றுத்துளையையும் எண்ணெய் மட்டத்தையும் பாருங்கள். நீரில் இறங்கிய பின் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள். ஓசை எழுந்தால் முதலில் கேளுங்கள், பிறகு பாருங்கள், அதன் பிறகே கழற்றுங்கள். ஊளையிடும் டிபரன்ஷலோடு, எண்ணெய் சரியாக இருக்குமானால், சிறிது காலம் ஓட்டலாம். அது உங்கள் பணத்துக்கு நேரும் நட்டம். ஆனால் சில்லின் உட்புறத்தில் எண்ணெய்க் கறை கண்ட கார், அவசர வேலை எதுவானாலும், அன்று வீதிக்கு வரலாகாது. அதனால் வரும் நட்டம் வீதியில் நடந்துபோகும் பிறருடையது.